எதிரே வரக் கூடாதவள்

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் பிறந்தது. மாதுங்காவில் நண்பர்கள் நடத்தும் மலருக்கு 'மூடநம்பிக்கை' பற்றி இரண்டு பக்கம் கேட்டார்கள். அனல் பறக்க எழுதிவிட்டு, ராகுகாலம் முடியட்டும் என்று அனுப்பாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உறைத்தது. அந்தச் சொல்லைத் தன்மேல் போட்டுக்கொண்டவர் யாருமில்லை. அடுத்தவர் செய்தால் மூடநம்பிக்கை. நாம் செய்தால், 'எதுக்கு வம்பு?'

கட்டுரையைக் கிழித்துப் போட்டேன். (கம்ப்யூட்டரில் எங்கே கிழிப்பது? அழித்தேன்.)

2

தாராவியில் ஒரு சந்து. பொழுது இன்னும் புலராத...

[வேண்டாம். எல்லாருடைய கதையும் அப்போதுதான் எழுந்திருக்கிறது.]

ஆறுமுகத்தாயின் மகள் கோகிலவாணி வங்கிப் பரீட்சை எழுதச் செம்பூருக்குக் கிளம்பினாள். புருஷனை இழந்தவள் எதிரே வந்தால் போகிற காரியம் கெடும் என்று ஆறுமுகத்தாய் அடுப்படியிலேயே ஒதுங்கி நின்றாள். மகள் படியிறங்கிய பிறகு வெளியே வந்தால், டிவிமேல் ஆதார் கார்டு. அது இல்லாமல் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

பின்னாலிருந்து கூப்பிட்டால் தடங்கல். முன்னால் போய் நின்றால் அபசகுனம்.

(போன்? பரீட்சைக்கு ஆகாதென்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான்தான் வைக்கச் சொன்னேன். கதை நடக்க வேண்டாமா?)

3

பெற்றவள் இந்த நேரத்தில் சகுனம் பார்ப்பாளா என்று எனக்கே சந்தேகம். ஆனால் பார்த்தாள். சரி, கார்டை எடுத்துக்கொண்டு ஓடட்டும் என்று பக்கத்து வீட்டு சைனப்பைக் கதைக்குள் கூட்டிவந்தேன். அவள் எனக்கு அடங்கவில்லை.

"சைனப்பு, நீ கொண்டு குடுத்துருட்டி. நான் எதுக்க போனா ஆவாது."

"ஏட்டி, அவ பொறந்ததும் மொதல்ல எதுக்க இருந்தது யாரு? பின் கல்லிச் சந்து வழியா போனா பஸ் ஸ்டாப்புல மறிச்சிரலாம். ஜல்தி ஓடு!"

"அவ பெயிலாயிட்டா?"

"படிக்கலைன்னா பெயிலாவா. ஒம் மூஞ்சி என்ன கொஸ்டின் பேப்பரா?"

4

ஓடினாள். பஸ் நிறுத்தத்தில் மகளுக்கு நேர் எதிரே போய் நின்றுவிட்டாள். ஒரு கையால் கார்டை நீட்டினாள், மறு கையால் முந்தானையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டாள், கிரகணத்தில் நிலவு...

[மன்னிக்கவும். பழக்கதோஷம்.]

கோகிலா முதலில் விலக்கியது முந்தானையை. கார்டு அப்புறம்.

"காலைலேர்ந்து ஒளிஞ்சிட்டே திரியுத. ஒம் மூஞ்சியப் பாக்காம எப்படிம்மா போவேன்?"

பஸ் வந்தது.

5

பாஸா, பெயிலா? பாஸ் என்றால் அம்மா எதிரே வந்த ராசி என்று ஒருத்தரும் சொல்லப்போவதில்லை. பெயில் என்றால் சந்து முழுக்கச் சொல்லும். ஆகவே நான் எழுதுவதாக இல்லை. எதுக்கு வம்பு? நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். பெயில்தான் என்றால் மட்டும், கணக்குப் பேப்பர் கஷ்டம் என்று எழுதிவிடுங்கள்.