கூத்தையாவின் மூக்கு

முனியசாமி புதுக் குடத்தைத் தோளில் ஏற்ற வந்ததும் மாரீஸ்வரன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் வைக்க மாட்டேன் பெரியப்பா."

"ஏலே, என்ன பேச்சு இது? ஒத்தப் பிள்ளை நீ. வேற யாரு கொள்ளி வைக்க?"

"யாரு வேணா வைங்க. கொன்னவன் வைக்கக் கூடாது."

சங்கு ஊதியவர் ஊதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வாசல்படியில் பெண்களோடு உட்கார்ந்திருந்த ஈஸ்வரி, புருசன் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்தாள். பந்தலுக்குள் அவள் மாமனார் கூத்தையா ஆஸ்பத்திரித் துணியில் முகம் தெரியாமல் சுற்றிக் கிடந்தார். குளிப்பாட்ட வழியில்லை. வாய் எந்த இடமென்று குத்துமதிப்பாகப் பார்த்துத் துணிமேலேயே அரிசியைப் போட்டிருந்தார்கள்.

நேற்று விடியற்காலையில் காபிக்கொட்டை வறுக்கிற கொட்டகையைத் திறந்து அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார். குழாயில் எலி கடித்த ஓட்டை. ராவெல்லாம் கசிந்து அடைந்து நின்ற கேஸ் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் சாயங்காலம் வரைக்கும் உயிர் கிடந்தது. போலீஸ்காரர் விபத்து என்று எழுதிக்கொண்டு போனார். தேவிபட்டினம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பால்காரிக்குத் தெருமுனையிலேயே வாடை அடித்ததாம். மோந்து பார்த்தே கொட்டையின் பதம் சொல்கிற மனுசனுக்கா தெரியாமல் போகும்? தெரிந்தேதான் தீக்குச்சியைக் கிழித்திருக்கிறார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

அதற்குக் காரணமும் ஊர் கையில் இருந்தது. தீப்பிடித்ததற்கு முந்தின நாள் ஒரு மெஸ்காரர் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, தூளா இது, கரி என்று கடைவாசலில் வைத்துச் சத்தம் போட்டார். மாரீஸ்வரன் நாலு பேருக்கு முன்னால் அப்பனைப் பார்த்து, "மூக்கு செத்துப்போச்சா அய்யா ஒங்களுக்கு? இனிமே கொட்டகைப் பக்கம் வராதீக" என்றான். கூத்தையா வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார்.

ஈஸ்வரி அன்றைக்கு ஊரில் இல்லை. தங்கச்சி பிள்ளைக்குக் காது குத்தென்று அபிராமம் போயிருந்தாள். அவள் இல்லாததால்தான் அந்த ஈட்டுக் கொட்டை கருகியது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கொரோனாக் காய்ச்சலில் போன வாசம் ஊரில் எல்லோருக்கும் திரும்பி வந்தது. கூத்தையாவுக்கு வரவில்லை. நாலு வருசத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் கொட்டகைக்குச் சோறு கொண்டுபோனபோது, வறுக்கிற உருளை புகையாய்க் கக்கிக்கொண்டிருந்தது. கொட்டை கரிக்கட்டையாகி வெகுநேரம் ஆகியிருந்தது. அவரோ அதன் வாய்ப்பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு, இன்னும் மணம் வரவில்லையே என்று காத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் குழந்தை மாதிரி அழுதுவிட்டார்.

"மூக்குப் போன வறுப்புக்காரன்கிட்ட எவன் தாயி வாங்குவான்? ஒன் புருசனுக்குக்கூடத் தெரிய வேண்டாம்."

அன்றிலிருந்து கல் பொறுக்குகிற சாக்கில் உருளைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு அவள் உட்கார்ந்தாள். பச்சைக்கொட்டை முதலில் வைக்கோலாக மணக்கும். சூடேற ஏறச் சோளப்பொரி மணம் வரும். அப்புறம் படபடவென்று வெடித்து, கருப்பட்டிப் பாகு காய்கிற வாசம் எழும்பும். அந்த வாசத்தில் இறக்கினால் காபி இனிக்கும். ஒரு நிமிசம் தாண்டினால் கசப்பு, இன்னொரு நிமிசத்தில் கரி. வெடிக்கிற சத்தம் அவர் காதுக்குக் கேட்கும். அதற்கப்புறம் அவள்தான், "போதும் மாமா" என்பாள். கூத்தையா கைப்பக்குவம் என்று ஊர் குடித்துவிட்டுப் புகழும். அவர் ஓரக்கண்ணால் இவளைப் பார்ப்பார். இவளுக்குச் சிரிப்பாக வரும், பெருமையாகவும் இருக்கும்.

மெஸ்காரர் வந்துபோன அன்று சாயங்காலம் கூத்தையா அவளுக்குப் போன் பண்ணினார். "வந்துர்றியா தாயி? திருப்பாலைக்குடிக்கு எட்டுக் கிலோ அனுப்பணும். இன்னொரு தடவ தப்பாச்சுன்னா ஒன் புருசன் கொட்டகையப் பூட்டிருவான்."

"விடிஞ்சதும் மொத பஸ்ஸுல வாரேன் மாமா. அதுவரைக்கும் ஒண்ணையும் தொடாதீக."

அவள் வந்து சேர்ந்தபோது கொட்டகைக்கு ஓடு இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். உருளையில் கொட்டை போடவில்லை. அவள் வந்ததும் வறுக்கத் தோதாகச் சூடேற்றி வைக்கத்தான் பற்றவைத்திருக்கிறார். அவளுடைய முக்காலியைக்கூட எடுத்துப் போட்டிருந்தார். அது பாதி எரிந்து கிடந்தது.

"பொழுது சாயப்போகுது. பங்காளி மகன் எவனாவது குடத்த வாங்குங்கப்பா" என்றார் முனியசாமி.

இன்றைக்கு இந்தக் குடம் வேறொருவன் தோளுக்குப் போனால் மாரீஸ்வரன் சாகிறவரைக்கும் அப்பனைக் கொன்றவன்தான். வாயைத் திறந்தால் அந்தப் பழி அப்படியே அவள் தலையில் வந்து உட்காரும். பேசாமல் இருந்துவிட்டால்தான் என்ன என்று ஒரு நொடி நினைத்தாள். நினைத்ததற்குக் கூசிப்போய் எழுந்து நின்றாள்.

"மாமா தெரிஞ்சு கிழிக்கல. அவருக்கு வாடையே தெரியாது."

கூத்தையாவின் தங்கச்சி கருத்தம்மாள் வெடுக்கென்று திரும்பினாள். "என்னடி ஒளறுற? என் அண்ணனுக்கா தெரியாது?"

"தெரியாது சின்னம்மா. கொரோனாவுல போனதுதான். நாலு வருசமா நான்தான் மோந்து சொன்னேன். மாமா வறுத்தாரு. முந்தாநாளு நான் இல்ல, அதான் கருகிருச்சு. நேத்தும் நான் இல்ல."

"தெரிஞ்சுக்கிட்டே அவனத் தனியா விட்டுட்டா காது குத்துக்குப் போன?"

"ஆமா சின்னம்மா."

மாரீஸ்வரன் படிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஒனக்குப் போன் பண்ணாராடி?"

"பண்ணாரு."

"என்ன சொன்னாரு?"

"வந்துர்றியான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"காலையில வாரேன்னேன்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓங்கி அறைந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவன் திரும்பிப் போய் முனியசாமிக்கு முன்னால் தோளைக் காட்டினான். சங்கு மறுபடி முழங்கியது. கொள்ளிக்குடம் ஏந்தியவன் திரும்பிப் பார்க்கக் கூடாதுதான். ஆனாலும் திரும்புவானோ என்று தெருமுனை வரைக்கும் அவள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பெண்கள் வீட்டைக் கழுவித் தலைமுழுகினார்கள். ஈஸ்வரியிடம் வாளியைக் கொடுக்கவோ வாங்கவோ யாரும் வரவில்லை. அவள் ஈரச்சேலையோடு சுவரோரம் தனியே உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுத் தாஜுன்னிசா தூக்குவாளியில் காபி கொண்டுவந்து முதல் டம்ளரைக் கருத்தம்மாள் கையில் கொடுத்தாள். நேற்றிலிருந்து ஓயாமல் அழுதவள் கருத்தம்மாள்தான். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்ன தாஜு, வெறும் வெந்நி மாதிரி இருக்கு?"

"கடுப்பமாத்தானே போட்டேன் அக்கா. தெருவே மணக்குதே. அழுது அழுது மூக்கு அடைச்சிருக்கும் ஒங்களுக்கு."

கருத்தம்மாள் டம்ளரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மூச்சை இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்தாள். ஒரு வாசமும் வரவில்லை. பிறகு சுவரோரம் உட்கார்ந்திருந்த ஈஸ்வரியைக் கொஞ்சநேரம் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தாள்.