எண்ணெய் போகாத இரும்பு

கைவிட்டு மூடிய செம்புச் சுரங்கத்திலிருந்து வரும் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும். ஆனால் அதில் ஒரு மீன்கூட வாழாது. அவ்வளவு புளிப்பு, அவ்வளவு செம்பு. பழைய இரும்புத் துண்டுகள் நிரப்பிய தொட்டிகள் வழியே அதை ஓடவிட்டால், செம்பு இரும்பின்மேல் சிவப்பாகப் படியும். படிந்ததைத் தேய்த்து உதிர்த்துச் சேர்ப்பது, அங்கே எல்லாரும் 'அக்கா' என்று கூப்பிடும் பெண்ணின் வேலை. அதற்குமுன் இரும்பைச் சோடா கரைத்த வெந்நீரில் கழுவித் தொட்டியில் இறக்குவது 'பிட்டர்' என்று கூப்பிடப்படும் இளைஞனின் வேலை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் செம்பு ஒட்டவே ஒட்டாது.

திங்கட்கிழமை பிட்டர் கழுவவில்லை. டிவியில் மேட்ச். ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பழைய இஞ்சின் துண்டுகளை அப்படியே மூன்றாம் தொட்டியில் கொட்டி, பலகையை இழுத்து மூடிவிட்டுக் கிளம்பினான்.

சனிக்கிழமை எடை போட்டபோது செம்புத்தூள் வழக்கத்தைவிடப் பதினோரு கிலோ குறைவாக இருந்தது.

சூப்பர்வைசருக்கு 'மீட்டர்' என்று பெயர். புளிப்பு அளக்கும் கருவியைச் சாப்பிடும்போதுகூடக் கீழே வைக்க மாட்டார்.

"பதினோரு கிலோ எங்கம்மா போச்சு? ரெக்க மொளச்சுப் பறந்துடுச்சா?"

"மூணாவது தொட்டில படியவே இல்ல சார். இருந்தத எல்லாம் சேத்துட்டேன்."

மீட்டர் திரும்பினார். "என்னய்யா, கழுவித்தான போட்ட?"

பிட்டருக்குத் தேள் கொட்டிய திருடன் கதை. "கழுவித்தான் சார் போட்டேன்."

சொல்லிவிட்டான். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று அவன் அம்மா அடிக்கடி சொல்வாள். அதில் தான் எந்த இடம் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அப்ப பையக் கொட்டும்மா," என்றார் மீட்டர்.

பதினாறு வருஷமாக வேலை செய்கிற அக்கா முன்னால் வந்தாள். எடை மேஜையில் பையைக் கவிழ்த்தாள். சாப்பாட்டு டப்பா, மாத்திரை அட்டை, ஒரு சீப்பு, இரண்டு ரப்பர் கையுறைகள்.

"இது யாரோடது? ஆம்பள சைஸா இருக்கு."

"பிட்டர் தம்பியோடது சார். விரல் நுனி கிழிஞ்சு, புளித்தண்ணி பட்டுப் பட்டுத் தம்பி கைல தோல் உரிஞ்சு கெடந்துச்சு. ஒட்டுப் போட்டுக் கொண்டாந்தேன்."

இறைவன் சிலரை இடி இடித்து எழுப்புகிறான். சிலருக்கு ஒரு ரப்பர் ஒட்டே போதும்.

"சார்," என்றான் பிட்டர். "நான் கழுவல. மேட்ச் பாக்க ஓடிட்டேன். பலகையத் தூக்கிப் பாருங்க, எல்லாம் கன்னங்கரேல்னு கெடக்கும்."

மீட்டர் கருவியை மேஜைமேல் வைத்தார். "மன்னிச்சுக்கம்மா," என்றார் அக்காவிடம். பிறகு பிட்டரைப் பார்த்து, "ஒரு வாரம் வேலைக்கு வராத. சம்பளம் கெடையாது."

அதைக் கேட்டு அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அக்கா கேட்டதுதான் தாங்கவில்லை.

"மொதல்ல கேட்டப்பவே ஏன் தம்பி சொல்லல?"

மேஜையில் கிடந்த சீப்பை எடுத்துக் கொடுக்கக் கை நீட்டினான். "விடு, நான் எடுத்துக்கறேன்," என்றாள். பையைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

"எங்கக்கா போறீங்க?"

"தண்ணி நமக்காக நிக்குமா? செம்போடயே கீழ ஆத்துக்குத்தான் போயிட்டிருக்கு. வந்து பலகையத் தூக்கு."

பலகை கனமானது, தனியாகத் தூக்க முடியாது. அவன் ஒரு முனையைப் பிடித்தான். அவன் முகத்தைப் பார்க்காமலே அவள் மறுமுனையைப் பிடித்தாள்.