சோதனை மேடையில் ஒரு கால்மிதி

எங்கள் ஊரில் யாரும் துப்பாக்கி என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'பீஸ்' என்பார்கள். இன்னைக்கு எத்தனை பீஸ் போச்சு, பீஸ் நல்லா வந்திருக்கா, அவ்வளவுதான். ஏதோ பிஸ்கட் கம்பெனி நடத்துகிற மாதிரி. பள்ளிக்கூட பஸ்ஸில் துப்பாக்கிக் கம்பெனியின் பெயர், பந்து விளையாடுகிறவர்களின் சட்டையில் கம்பெனி பெயர், ஆஸ்பத்திரிப் போர்வையில்கூடக் கம்பெனியின் சின்னம்: குறுக்கே வைத்த இரண்டு கைத்துப்பாக்கிகள். தொடையில் குண்டு பாய்ந்து கிடந்த என் அக்காவுக்கு அந்தப் போர்வையைத்தான் போர்த்தியிருந்தார்கள்.

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்பேன். கம்பெனியில் துப்பாக்கிக் குழாய் கடையும் பிரிவில் இருபத்தைந்து வருஷம் உழைத்து, போன வருஷம்தான் ஓய்வு பெற்றார். ஓய்வு பெறுகிற எல்லோருக்கும் கம்பெனி ஒரு பீஸ் பரிசளிக்கும். வெல்வெட் பெட்டி, பொறித்த பெயர், கூடவே ஆறு தோட்டா. மற்ற ஊர்களில் கடிகாரம் கொடுப்பார்களாம். மாமா பெரிய மனுஷர் அல்லவா, தோட்டாவைப் போட்டே பீரோ மேல் வைத்திருந்தார். திருட்டுப் பயமாம். செவ்வாய்க்கிழமை காலை அக்கா ஒட்டடை அடிக்கும்போது பெட்டி சரிந்தது. பீஸ் தரையில் விழுந்து வெடித்தது.

கெட்ட நேரம், அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் இருவருக்கும் சண்டை. ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டதற்கு. அக்காவின் தொண்டை தெருமுனை வரை கேட்கும். போலீஸ் வந்து மாமாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

"அவரு அந்த ரூம்லயே இல்ல. குளிச்சிட்டு இருந்தாரு. கீழ விழுந்துச்சு, வெடிச்சுது, அவ்வளவுதான்" என்று அக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, வராந்தாவுக்குப் போனதும், "பாவம், சுட்ட புருஷனையும் விட்டுக்குடுக்க மாட்டேங்குறா பாரு" என்றார்கள்.

ஊர் முழுக்க இதே பேச்சுதான். பீஸ் கீழே விழுந்தால் வெடிக்கும் என்று நம்புவதைவிட, முப்பது வருஷம் குடும்பம் நடத்தின மனுஷன் பெண்டாட்டியைச் சுட்டான் என்று நம்புவது அவர்களுக்குச் சௌகரியமாக இருந்தது. தூ! இதெல்லாம் ஒரு பிழைப்பு.

எனக்கு மட்டும் அப்படி நம்ப முடியவில்லை. ஏனென்றால், விழுந்தால் வெடிக்கிறதா என்று பார்ப்பதுதான் கம்பெனியில் என் வேலை.

இருபது பீஸுக்கு ஒன்றை எடுத்து, குண்டில்லாத வெற்றுத் தோட்டாவைப் போட்டு, நெஞ்சு உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின் மேல் விடுவேன். 'பட்' என்று கேட்டால் இருபதும் திரும்பப் போகும். கேட்காவிட்டால் இருபதிலும் கைப்பிடிக்கு அடியில் என் முத்திரை விழும். என் எண் ஒன்பது.

இரும்பில் விழுந்தால் பீஸில் கீறல் விழாமல் இருக்குமா? கீறலோடு போனால் பாலிஷ்காரர் சாமியாடுவார். "உனக்கென்னம்மா, போட்டுட்டுப் போயிடறே! முதல்லேர்ந்து தேய்க்கறது நானில்ல?" தினமும் இந்தப் பாட்டு. பொறுக்க முடியாமல், மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, வீட்டு வாசலில் கிடந்த ரப்பர் கால்மிதியைக் கழுவிக் கொண்டுபோய்த் தகட்டின் மேல் விரித்தேன். நானேதான். கீறல் நின்றது. மூன்றாம் மாதம் 'கீறல் இல்லாத பிரிவு' என்று எங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். மேனேஜர் அந்தக் கால்மிதிக்குப் பக்கத்தில் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொண்டார்.

'பட்' சத்தமும் அதோடு நின்றுபோனது. பீஸ்கள் தேறிவிட்டன என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது சுகமாக இருந்தது. என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டரைக் கம்பெனிக்கே அழைத்து வந்தார்கள். மாமாவின் பீஸையே என் மேடையில் சோதித்துக் காட்டுவதாக ஏற்பாடு. அது தேறிவிட்டால் மாமா கதை முடிந்தது. எங்கள் பிரிவு முழுக்கச் சுற்றி நின்றது. மேனேஜர் தன் கையாலேயே வெற்றுத் தோட்டாவைப் போட்டு பீஸைக் கீழே விட்டார். பத்துத் தடவை. பத்துத் தடவையும் கால்மிதியில் 'தொப்'பென்று விழுந்து, தூங்குகிற பூனை மாதிரிக் கிடந்தது.

"பாத்தீங்களா சார்? எங்க பீஸ் தானா வெடிக்காது. விரல் வெச்சு இழுத்தாத்தான் உண்டு" என்றார் மேனேஜர். இன்ஸ்பெக்டர் எழுதப் போனார்.

பாலிஷ்காரர் என்னைப் பார்த்தார். நான் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். வெடிக்காமல் காப்பாற்றுவது கால்மிதிதான் என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தர் வாயிலும் கொழுக்கட்டையைத் தவிர வேறொன்றும் இல்லை. குனிந்து கால்மிதியை இழுத்தேன்.

"என்னம்மா பண்றே?" என்றார் மேனேஜர்.

"இதை எடுக்கறேன் சார். எங்க அக்கா வீட்ல பீரோவுக்குக் கீழ வெறும் தரைதான்."

மேனேஜர் தடுப்பதற்குள் பீஸை எடுத்து வெறும் தகட்டின் மேல் விட்டேன். ஒன்றுமில்லை. இரண்டாவது தடவையும் ஒன்றுமில்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூன்றாவது தடவை 'பட்'டென்று வெடித்தது. இன்ஸ்பெக்டர் பேனாவைத் தவறவிட்டார்.

"யார் இந்தக் கால்மிதியை இங்க போட்டது?" என்று கத்தினார் மேனேஜர், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட அதே மனுஷர்.

"நான்தான் சார். மூணு வருஷமாச்சு."

அன்று சாயங்காலமே மாமாவை விட்டுவிட்டார்கள். வேலை போய்விட்டதென்று எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு நான் அழவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாமா அக்காவின் காலடியில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டிலும் இரண்டு பேர் கம்பெனிச் சோறு சாப்பிடுகிறவர்கள்.

"ஒரு பீஸ் கோளாறுன்னு ஊர் சோத்துலயே மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே" என்றாள், கையை நிறுத்தாமல். "இவரு ரெண்டு வருஷம் உள்ள இருந்துட்டு வந்தா என்ன குடியா முழுகிப் போயிருக்கும்? கம்பெனியை மூடிட்டா நாங்கல்லாம் எங்க போறது?"

குண்டடி பட்டவளின் பக்கத்தில் நின்றுகொண்டு, அவள் புருஷன் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

அக்கா அவளைக் கண்டுகொள்ளவில்லை. என்னையே பார்த்துக் கேட்டாள். "மூணு வருஷமாவாடி?"

"ஆமாக்கா."

"இது ஒண்ணு மட்டும் இல்லியா?"

"மூணு வருஷத்துல வந்தது எல்லாமே அப்படித்தான் போச்சு. எல்லாத்துலயும் என் முத்திரைதான் இருக்கு. ஒன்பது."

"அதெல்லாம் இப்ப எங்க இருக்கு?"

"யாருக்குத் தெரியும்? யார் யார் வீட்டுப் பீரோ மேலயோ."

நர்ஸின் கை நின்றது. "எங்க மாமனாருக்குப் போன மாசம்தான் குடுத்தாங்க" என்றாள். பஞ்சைக் கட்டில் மேல் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடி, போனை எடுத்தாள். மூன்று தடவை எண்ணைத் தப்பாக அழுத்தினாள்.

"அத்தே, நான்தான். அந்த ரூமைப் பூட்டுங்க. யாரையும் பீரோகிட்ட விடாதீங்க, நீங்களும் போகாதீங்க. அய்யோ, சொல்றதைக் கேளுங்க அத்தே! அது மேல துப்பாக்கி இருக்கு!"