நுனி கிள்ளிய பழம்

மொக்கையன் வேய்ந்த கூரையில் ஒரு சொட்டு மழை இறங்காது என்று பாலவனத்தம் முழுக்கப் பேச்சு. அவரைப் போய் ஓட்டை விட்டு வேயச் சொன்னால் கோபம் வராதா, கண்ணுகளா?

“கூரைன்னா மழை இறங்கக் கூடாது மச்சான். நீங்க என்னடான்னா நட்சத்திரம் இறங்கணும்ங்கிறீக.”

“இறங்க வேண்டாம் மாப்ள. தெரிஞ்சாப் போதும்.”

அப்படிச் சொன்னவர் எலியாஸ், கொச்சிப் பக்கத்து யூதர். அருப்புக்கோட்டை மில்லுக்கு பிட்டர் வேலைக்கு வந்தவர், மொக்கையனின் அக்காள் சோலையம்மாளைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். நாற்பத்தாறு வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை. புரட்டாசிப் பௌர்ணமியில் அவருடைய ஆட்களுக்கு அறுவடைத் திருநாள் தொடங்கும். முன்னோர்கள் பாலைவனத்தில் குடில் போட்டுத் திரிந்த ஞாபகமாக, ஏழு நாளும் குடிலுக்குள்தான் சாப்பாடு. கூரைக்கு வெட்டிய தழைதான் ஆகும். தகரமும் தார்ப்பாயும் ஆகாது. வருடா வருடம் வீட்டுக்குப் பின்னால் பருத்திமார்க் குச்சிகளையும் வேப்பங்குலையையும் போட்டு அவர் தனியாகக் கொண்டாடிவிடுவார்.

இந்த வருடம் தனியாக இல்லை. அண்ணன் யாக்கோபிடமிருந்து ஒரு பெட்டி வந்திருந்தது.

கல்யாணம் ஆன மாதம் அந்த அண்ணன் ஒரே வரியில் கடிதம் போட்டார்: எனக்குத் தம்பி இல்லை. பிறகு குடும்பத்தோடு இஸ்ரேலுக்குப் போய்விட்டார். அதற்குப் பின் ஒரு பேச்சில்லை. இந்த ஆவணியில்தான் அவருடைய பேரன் போன் செய்தான். தாத்தா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார், வாசலில் தானே வளர்த்த மரத்தின் பழத்தைத் தம்பிக்கு அனுப்புகிறார் என்றான். திருநாளில் இலைக்கட்டோடு சேர்த்துப் பிடித்துக் கும்பிடுகிற பழம் அது. “திருநாள் தொடங்குமுன் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனில் முகம் காட்டச் சொன்னார். அவளையும் பக்கத்தில் நிற்க வைக்கச் சொன்னார்.”

அவளையும். அந்த ஒரு சொல்லுக்குத்தான் சோலையம்மாள் நாற்பத்தாறு வருடம் காத்திருந்தாள். அரிசி புடைக்கும்போதும், துணி அலசும்போதும் “சேட்டா, சுகந்தன்னே?” என்று அந்த அண்ணனை மலையாளத்தில் நலம் விசாரித்துப் பழகினாள்.

“அக்கா, நீ பேசுற மலையாளத்தைக் கேட்டு அவுகளுக்குச் சீக்கு கூடிரப் போகுது” என்றார் மொக்கையன்.

“வாய மூடிட்டுப் பருத்திமாரை எடுத்துப் போடுடா.”

கொச்சிக்கு வந்த சொந்தக்காரர்கள் வழியாக மதுரை வரை வந்த பெட்டியை எலியாஸ் போய் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். நாரில் பொதிந்த பழம். கடாரங்காய் சாதி, மஞ்சளாய், மேடும் பள்ளமுமாய், நுனியில் குருவி மூக்குப் போல ஒரு முனை.

திங்கட்கிழமை பொழுது சாய்ந்தால் திருநாள். நாலு மணிக்கு எலியாஸ் குளிக்கப் போனார். சோலையம்மாள் பட்டுச்சேலை கட்டி, தாம்பாளத்தைப் புளி போட்டு விளக்கி, பழத்தை எடுத்து நடுவில் வைத்தாள். நம் பக்கத்தில் சாமிக்கு முன்னால் வாழைப்பழத்தை அப்படியே மூடி வைப்போமா? நுனியைக் கிள்ளினால்தானே சாமிக்குத் திறந்து கொடுத்ததாகும். சிறு வயதிலிருந்து பழகிய கை. கிள்ளிவிட்டாள்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவர் தாம்பாளத்திலிருந்த பழத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சோலை, இதோட மூக்கு எங்க?”

“கிள்ளிட்டேன். கிள்ளாம எப்படிச் சாமிக்கு வைக்க?”

“முழுசா இருக்கணும்மா. மூக்கு போனா நாளைக்குக் கும்பிட ஆகாது. கூரையைப் பத்தி அத்தனை வருசம் சொன்னேன். பழத்தைப் பத்திச் சொல்லலியே. இதுக்கு முந்திப் பழம் எங்க வந்துச்சு, சொல்றதுக்கு.”

அவள் குப்பையில் தேடி அந்த முனையை உள்ளங்கையில் வைத்துக் கொண்டுவந்தாள்.

“ஒட்ட முடியாதா?”

அவர் அவள் விரல்களை மெல்ல மடக்கி மூடினார். அப்போது போன் அடித்தது.

மூக்கில் குழாயோடு யாக்கோபின் முகம். மலையாளத்தில்தான் பேச்சு. குடிலைப் பார்த்ததும் சிரித்தார். கூரை சரியாக இருக்கிறது, அப்பா போட்டது போலவே, என்றார். பிறகு பழத்தைக் காட்டச் சொன்னார். எலியாஸ் கட்டைவிரலால் நுனியை மறைத்துக் காட்டினார்.

“விரலை எடு. நாலு மாதம் மரத்திலேயே துணி சுற்றிக் காப்பாற்றியது. பார்க்கிறேன்.”

எடுத்தார்.

“யார் கை பட்டது?”

அந்த அளவு மலையாளம் அவளுக்குப் புரியும். வாயைத் திறந்தாள். எலியாஸ் முந்திக்கொண்டார்.

“என் கைதான் சேட்டா. தவறவிட்டுவிட்டேன்.”

யாக்கோபு கண்ணை மூடிக்கொண்டார். “உன் கையில் கொடுத்த எதை நீ காப்பாற்றினாய்?” பேரன் போனை வாங்கி, தாத்தாவுக்குக் களைப்பு என்றான். படம் போய்விட்டது.

“நான்தான்னு சொல்லிருக்கலாம்ல” என்றாள் சோலையம்மாள்.

“சொன்னா உன்னை அதை வச்சுத்தான் நினைப்பான். என் மேல கோவப்பட அவனுக்குப் பழக்கம்.”

பொழுது சாய்ந்தது, போனை அணைத்துவிட்டார். திருநாளின் முதல் இரண்டு நாள் அதைத் தொடக் கூடாது. புதன்கிழமை இருட்டியதும் போட்டால், பேரனின் செய்தி இருந்தது. திங்கட்கிழமை இரவே தாத்தா போய்விட்டார். அடக்கமும் முடிந்துவிட்டது.

சோலையம்மாள் தலைமுடியை அவிழ்த்தாள். எலியாஸ் அவள் தோளைப் பிடித்தார்.

“திருநாள்ல துட்டி காக்கக் கூடாது. சந்தோசமா இருக்கணும்னு விதி. திருநாள் முடியிற வரைக்கும் நான் அழக் கூடாது சோலை.”

“அது உங்களுக்குத்தான. எனக்கு இல்லேல்ல?”

“இல்ல.”

“அப்ப நீங்க போய்ச் சாப்பிடுங்க. நான் அழுறேன்.”

அவர் குடிலுக்குள் போய்த் தட்டின் முன் உட்கார்ந்தார். அவள் வெளியே மண்ணில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசியிராத மூத்தாருக்கு ஒப்பாரி எடுத்தாள். அண்ணனுக்குத் தம்பி என்னவெல்லாம் சொல்லி அழுவானோ, அத்தனையும் சொல்லி அழுதாள். உள்ளே அவர் ஒரு வாய்ச் சோற்றை விழுங்கி, அடுத்ததைப் பிசைந்துகொண்டிருந்தார்.