நாலாவது பாட்டில் நின்ற டிரம்ஸ்

ஆம்ப்ரோஸ் கேட்டது சின்ன உதவிதான். ஆனால் அவர் கேட்டதிலிருந்து இளவேனிலுக்குச் சோறு இறங்கவில்லை.

"நீ டாக்டருங்க பேசின டேப்பைக் கேட்டு டைப் அடிக்கிறவதானேம்மா? அமெரிக்காக்காரன் வாய்ல வெத்தல போட்ட மாதிரி பேசறதே உனக்குப் புரியுது. நாளைக்கு பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வா. இந்த டேப்ரெக்கார்டரை ஜனங்க வாய்கிட்ட நீட்டு. எங்க பேண்டு எப்படின்னு கேளு. அவங்க சொன்னதை அப்படியே டைப் அடிச்சிக் குடு. ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, ஒரு வார்த்தை கொறைக்கக் கூடாது."

"டேப்பை நீங்களே கேட்டுக்கலாமே அங்கிள்?"

"கேட்டா பின்னாடி என் டிரம்ஸ் சத்தமும் வரும். அப்புறம் நான் என்னைத்தான் கேப்பேன். ஜனங்களைக் கேக்க மாட்டேன்."

ஆம்ப்ரோஸ் வீட்டின் பின்னறையில்தான் இளவேனில் வாடகைக்கு இருந்தாள். ஆம்பூரிலிருந்து வந்து ஐந்து மாதம். அல்சூரில் ஒரு அலுவலகத்தில் வேலை. அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசி அனுப்பும் ஒலியைக் காதில் மாட்டிக்கொண்டு அறிக்கையாக அடிக்க வேண்டும். காது கூர்மை, மனசு மட்டும் கோழிக்குஞ்சு. பச்சை விளக்கு எரிந்தாலும் இன்னொரு முறை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் சாலையைக் கடப்பாள். ஆம்பூருக்கு போன் போட்டால் தைரியமாகப் பேசுவாள். பேசி முடிக்கும்வரை போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டே இருப்பாள். பெங்களூரில் அவள் பயமில்லாமல் தூங்கிய ஒரே இடம் ஆஸ்டின் டவுனில் இருந்த இந்த வீடு.

ஆம்ப்ரோஸ் டெலிபோன் இலாகாவில் லைன்மேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஊரே அறிந்த டிரம்மர். அப்போது பெங்களூரில் நான்கு ராக் பேண்டுகள் கொடிகட்டிப் பறந்தன. ஒரு பேண்டின் ரசிகன் இன்னொரு பேண்டின் ரசிகனோடு ஒரே மேசையில் பிரியாணி சாப்பிட மாட்டான். பிறகு கல்யாணம், துபாய், பேங்க் வேலை என்று நான்கும் கலைந்துபோயின. இப்போது 2001இல், இரண்டு நாள் ராக் விழா ஒன்றுக்காக, பேண்டுக்கு ஒருவராக நான்கு பேர் சேர்ந்து 'நைன்த் கிராஸ்' என்று பேர் வைத்துக்கொண்டிருந்தார்கள். பத்திரிகைகள் 'சூப்பர் குரூப்' என்று எழுதின. ஆம்ப்ரோஸின் மனைவி மௌரீன், "நாலு சம்பந்தி ஒரே பந்தியில உக்காந்த மாதிரி இருக்கு. எவன் எப்ப எலைய மூடுவானோ!" என்றாள்.

விழா முடிந்து மூன்று வாரத்தில் ஹைதராபாத்தில் அடுத்த நிகழ்ச்சி இருந்தது. அதற்குப் போவதா வேண்டாமா என்பதில்தான் ஆம்ப்ரோஸுக்குச் சந்தேகம். ஒருமுறை கம்பத்திலிருந்து விழுந்ததில் வலது முழங்கால் கெட்டுப்போயிருந்தது. பெரிய டிரம்மின் பெடலை மிதிக்கிற கால் அதுதான். மாடிப்படியில் இரண்டு படிக்கு ஒருமுறை நின்று, ஏதோ யோசிப்பவர்போலச் சுவரைப் பார்ப்பார்.

"வீட்டு ஆளுங்க சூப்பர்னுதான் சொல்வாங்க. கால் போச்சா இல்லியான்னு தெரியாதவன் சொல்லட்டும். போச்சுன்னு சொன்னா டிரம்ஸை மூட்டை கட்டிடறேன்" என்று அவர் முடித்தார்.

அவர் குளிக்கப் போனதும் மௌரீன் அவளைச் சமையலறைக்கு இழுத்தாள்.

"கண்ணு, நல்லதா நாலு சொன்னா அதை டைப் பண்ணு. மத்தது மெஷின்ல சரியா விழலைன்னு சொல்லிடு."

"ஆன்ட்டி, அவரு அப்படியே வேணும்னு..."

"அவரு ஆயிரம் சொல்வாரு. பன்னண்டு வருஷம் அந்த டிரம்ஸ் மேல துணி காயப்போட்டவ நான். அந்த ஆளு இந்த ரெண்டு மாசமாத்தான் குளிக்கும்போது பாடறாரு."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மைதானம் சேறும் சகதியுமாக இருந்தது. மௌரீன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துகொண்டாள். மேடையில் 'நைன்த் கிராஸ்' வாசிக்க ஆரம்பித்ததும் இளவேனில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள். முன்பின் தெரியாதவரிடம் மணி கேட்கவே கூச்சப்படுகிறவள். முதல் ஆளிடம் ரெக்கார்டரை நீட்டும்போது ஊசிக்குக் கை நீட்டும் குழந்தையைப்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதல் ஆள் வழுக்கைத் தலையர், தோளில் மகன்.

"ராகேஷ் கிடார் கேட்டீங்களா? எய்ட்டி செவன்ல எப்படியோ அப்படியே இருக்கு. மத்த மூணு பேரா? ஓ, இன்னும் மூணு பேர் இருக்காங்களா?"

கறுப்பு டிஷர்ட் போட்ட கல்லூரிப் பையன்கள் ரெக்கார்டரைப் பிடுங்காத குறை. "சக்கத் குரு! செம ஷோ! ஆனா அந்த சிங்கர் அங்கிள் ஜீன்ஸ் இருக்கே, அவ்ளோ டைட்டு. அவரு மூச்சு இழுத்தா நமக்கு முட்டுது மச்சா!"

பட்டுப்புடவையில் ஒரு அம்மாள், நேராகக் கல்யாண வீட்டிலிருந்து வந்தவர்: "பாஸ் கிடார் வாசிக்கிறாரே, அவரைப் பாக்கறதுக்காக பி.காம் பரீட்சையை விட்டவ நான். இப்ப என் பொண்ணு பரீட்சைக்குப் படிக்காம என்கூட வந்து நிக்குது. இதை அவங்கப்பாகிட்ட... ஐயோ, டேப்பு ஓடுதா?"

ஒருவர் ஐந்து நிமிடம் கழிப்பறை வரிசையைப் பற்றி மட்டும் பேசினார். இரைச்சலில் அவள் காதில் விழுந்தவரை டிரம்ஸைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கேட்கலாமா என்று நினைத்தாள். டாக்டரிடம் நாம் கேள்வி கேட்பதில்லையே என்று விட்டுவிட்டாள்.

நாலாவது பாட்டு வேகமான பாட்டு. மேடையில் புகை, சிவப்பு வெளிச்சம். ஆம்ப்ரோஸின் தலை மட்டும் டிரம்ஸின் பித்தளைத் தட்டுகளுக்கு மேலே எழும்பி எழும்பித் தெரிந்தது. பாட்டு உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோது திடீரென்று டிரம்ஸ் நின்றது.

ஆம்ப்ரோஸ் இரண்டு குச்சியையும் மேலே தூக்கியபடி அசையாமல் இருந்தார். ராகேஷின் கை கிடாரின் மேல் உறைந்தது. பாடகர் வாயைத் திறந்தபடி திரும்பிப் பார்த்தார். அத்தனை பெரிய மைதானத்தில் சத்தமே இல்லை. வெளியே சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது கேட்டது. இளவேனிலுக்குத் தெரிந்துவிட்டது: கால். 'மாதாவே, மாரியம்மா' என்று இரண்டு வீட்டுச் சாமியையும் சேர்த்துக் கூப்பிட்டாள்.

பிறகு 'டம்' என்று ஓர் அடி விழுந்தது. பாட்டு மறுபடி எழுந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. கைகொட்டிச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து இளவேனில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்றே அவள் காதில் வாங்கவில்லை. எதிரே வந்த முகங்களுக்கெல்லாம் ரெக்கார்டரை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தாள்.

மேடைக்குப் பின்னால் ராகேஷ் கிடாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். அடுத்த பேண்டு மேடையில் இரைந்ததால் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது.

"இன்னாடா ஆச்சு ஆம்ப்ரோஸு?"

"கால் புடிச்சிக்கிச்சு."

"ஜனங்க கேலி பண்ணிக் கத்தினாங்க பாத்தியா? மானம் போச்சுடா." பிறகு அவர் காதருகே குனிந்தான். "சரி விடு. செவ்வாக்கெழமை வீட்டுக்கு வரேன். ஹைதராபாத்துக்கு ஒரு சின்னப் பையனைப் பாத்து வெச்சிருக்கோம். பேசிக்கலாம்."

மூன்று பேரும் ஆட்டோவில் வீடு திரும்பினார்கள். ஆம்ப்ரோஸ் தன் முழங்காலைக் கடன்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை வேலை முடிந்து, இளவேனில் அல்சூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தாள். காதில் ஹெட்போனை மாட்டியதும் கை தானாகப் பழைய வழக்கத்தில் இறங்கியது. 'சுமார் நாற்பத்தைந்து வயது ஆண். மகனுடன் வந்துள்ளார். கிடாரைப் பற்றி மட்டும் கூறுகிறார். மற்ற மூவரைக் கவனித்ததாகத் தெரியவில்லை.' அடித்து முடித்த பிறகுதான் பார்த்தாள். சரி, இதுவும் நோயாளி மாதிரிதானே என்று விட்டுவிட்டாள். அவர்கள் சொன்னதை மட்டும் சொன்னபடியே கீழே அடித்தாள்.

ஏழாவது ஆள் வந்தார். கம்மிய குரல். "டிரம்ஸ் பெரியவருக்கு ரெண்டாவது பாட்டுலயே மூச்சு வாங்குது. யாராச்சும் ஒரு சோடா குடுங்கப்பா."

இளவேனிலின் விரல் நின்றது. மெஷினில் சரியாக விழவில்லை என்று சொன்னால் முடிந்தது. மௌரீன் ஆன்ட்டி சிரிப்பாள். பின்னறை பத்திரமாக இருக்கும். அந்த வரியை அழித்தாள். அழித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சூப்பர்வைசர் உஷா மேடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: நோயாளிக்குப் பாவம் பார்த்து ஒரு வரியை விட்டால், டாக்டர் தப்பான காலை வெட்டிடுவார்.

மறுபடி அடித்தாள். சோடாவையும் சேர்த்து அடித்தாள்.

பிறகு நாலாவது பாட்டுக்குப் பிந்தைய குரல்கள் வந்தன. இளவேனில் ஒருமுறை கேட்டாள். பின்னால் ஓட்டி இன்னொருமுறை கேட்டாள். பக்கத்து நாற்காலிப் பையன் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக, "ஆ!" என்றாள்.

அன்று இரவே அச்செடுத்த தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆம்ப்ரோஸ் அவற்றை வாங்கி, படிக்காமல் டிவிக்கு அடியில் செருகினார்.

"அங்கிள், பாருங்களேன்."

"பாக்கறேம்மா. பாக்கறேன்." பார்க்கவில்லை. கேட்டு வாங்கியவருக்குப் பிரித்துப் பார்க்கத் தைரியம் இல்லை. அவளுக்கு அது புரிந்தது; அவளும் அலுவலகத்திலிருந்து வரும் கடிதங்களை அப்படித்தான் தலையணைக்கு அடியில் வைப்பாள்.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு ராகேஷின் ஸ்கூட்டர் வாசலில் நின்றது. கையில் அரை கிலோ மைசூர்பாகு. மௌரீன் அதைப் பார்த்ததும், "ஸ்வீட்டோட வரான்னா வெவகாரம்தான்" என்று முணுமுணுத்தாள்.

ராகேஷ் உட்கார்ந்தான், மின்விசிறியைப் பாராட்டினான், வீட்டு மாடியைப் பாராட்டினான். ஆம்ப்ரோஸுக்கே பொறுக்கவில்லை.

"நீ கஷ்டப்படாதேடா. நானே ஒதுங்கிக்கறேன். அந்தப் பையன் நல்லா வாசிப்பானா?"

"வாசிப்பான். உன்ன மாதிரி வராது. ஆனா..."

"ரெண்டு காலும் இருக்கு. போதும்."

இளவேனில் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. அதற்குள் கால்கள் டிவிக்கு முன்னால் போய் நின்றுவிட்டன. தாள்களை உருவினாள்.

"படிக்கட்டுமா அங்கிள்?"

"கண்ணு, நல்லதை மட்டும்" என்றாள் மௌரீன்.

"முதல்லேர்ந்து படிக்கிறேன் ஆன்ட்டி. இல்லன்னா நம்ப மாட்டாங்க."

வழுக்கைத் தலையரைப் படித்தாள். ராகேஷுக்குக் காது சிவந்தது. மறைத்துக்கொள்ள மைசூர்பாகைக் கடித்தான். ஜீன்ஸைப் படித்தாள். "அதை நான் அன்னிக்கே சொன்னேன்" என்றான். ஏழாவது ஆளிடம் வந்தபோது தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு படித்தாள். சோடா என்ற இடத்தில் மௌரீன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஆம்ப்ரோஸ் சிரித்துவிட்டார்.

"சோடாதான் கேட்டேன். தண்ணி பாட்டில் குடுத்தானுங்க. மேல படிம்மா."

"சுமார் பத்தொன்பது வயது ஆண். கல்லூரி மாணவர். மிகுந்த கிளர்ச்சியுடன் காணப்படுகிறார். 'நாலாவது பாட்டு மச்சா! அந்த டிரம்மர் அப்படியே நிறுத்தினாரு பாரு, எனக்கு இதயமே நின்னு போச்சு. அப்புறம் ஒரு அடி! யப்பா! குச்சியைத் தூக்கிட்டு சாமி மாதிரி இருந்தாரு.'"

மைசூர்பாகை மென்றுகொண்டிருந்த ராகேஷின் வாய் பாதியில் நின்றது.

"சுமார் முப்பது வயது பெண். 'அந்த கேப்ல நான் பக்கத்துல யாருன்னே தெரியாத ஆள் கையப் புடிச்சிட்டேன். அவரும் விடல.'"

"அடியம்மா" என்றாள் மௌரீன்.

"சுமார் ஐம்பது வயது ஆண். 'நான் ராகேஷ் ரசிகன். உண்மையச் சொல்லணும்னா இன்னிக்கு ஷோவை அடிச்சிட்டுப் போனது ஆம்ப்ரோஸுதான். அந்த நிறுத்தம் இருக்கே, அதுக்கு எவ்ளோ தைரியம் வேணும்!'"

அப்படி இன்னும் ஆறு பேர். 'அந்த மாதிரி சைலன்ஸ் வேற யாருக்கு வரும்' என்று ஒருவர். 'எல்லாப் பாட்டுலயும் இப்படிப் பண்ணியிருக்கலாம்' என்று ஒருவர். கடைசி ஆள் மட்டும், டிரம்ஸ் ஒயர் கழண்டுபோச்சு என்று அடித்துச் சொல்லியிருந்தார். அதையும் படித்தாள்.

ராகேஷ் எழுந்து வந்து தாளை வாங்கித் தானே ஒருமுறை பார்த்தான்.

"நீ சேத்து எழுதலியேம்மா?"

"சோடாவை நான் சேத்து எழுதுவேனா சார்?" என்றாள் இளவேனில். கேட்டபிறகுதான் தான் இப்படிக் கேட்டோம் என்று அவளுக்கே திக்கென்றது.

ஆம்ப்ரோஸ் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "டேய், எனக்கு வலி உயிர் போச்சுடா. நான் தைரியமாவும் இல்ல, சாமியாவும் இல்ல. 'ஐயோ அம்மா'ன்னு கத்தாம இருக்கத்தான் குச்சியைத் தூக்கிக்கிட்டு இருந்தேன்."

"அது அவங்களுக்கு எதுக்கு?" என்றாள் மௌரீன். "கால் கொஞ்சம் நின்னா கால் பொழைக்குது. கூட்டத்துக்கும் அதான் வேணுமாம். ஒவ்வொரு பாட்டுலயும் நிறுத்துங்க. இதுல யாருக்கு இன்னா நஷ்டம்?"

ராகேஷ் யோசித்தான். சின்னப் பையனைப் பற்றிப் பேச வந்தவன் அந்தப் பேச்சையே விட்டுவிட்டு விரலை மடக்க ஆரம்பித்திருந்தான்.

"ரெண்டாவது பாட்டுல வேணாம், அது ஸ்லோ. மூணாவதுல வெச்சிக்கலாம். நாலாவதுல கண்டிப்பா. ஆனா எங்களுக்குத் தெரியணும்ல ஆம்ப்ரோஸு? எத்தினி கவுண்ட் நிறுத்துவே? நாலா? எட்டா? நாங்க மூணு பேரும் ஒண்ணா உள்ள வரணும்டா. கரெக்டா ஒரு நம்பர் சொல்லு."

ஆம்ப்ரோஸ் ஒரு துண்டு மைசூர்பாகை எடுத்து, காலை நீட்டி, சாய்ந்து உட்கார்ந்தார்.

"அதைக் கால்தான்டா சொல்லும். நீங்க வெயிட் பண்ணுங்க."