நல்லா மிதிச்சுப் போடுங்க

மலேசியாவின் கிள்ளான் நகரில், வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: சவப்பெட்டிக்குள் நாகையா, தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த மருமகள் வாணி, துண்டைத் தோள் மாற்றிக்கொண்டே இருந்த மகன் பிரவின், ஆளுக்கொரு வேலை ஏவிய பெரியப்பா வேலாயுதம், செம்மண் ஒட்டிய காற்சட்டையோடு உட்காராமல் நின்ற மகள் சந்திரகலா.

காலையில் அவள் தெலுக் பங்லிமா காராங்கில், தொழிற்சாலைக்காக நிரவிய நிலத்தில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். தோண்டிய மண்ணை எடைபோட்டு, குழியைக் காய்ந்த மணலால் நிரப்பி, நிலம் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கணக்கிடுவது அவள் வேலை. பாதியில் பிரவின் கூப்பிட்டு, அப்பா போய்விட்டார் என்றான். மீதியையும் தோண்டி எடைபோட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.

தம்பியை அடுப்படிக்கு இழுத்தாள். "மண்ண ஒரேயடியா தள்ள விடாத. கொஞ்சங் கொஞ்சமா போட்டு மிதிக்கச் சொல்லு."

"அப்பா மேல ஏறியா? ரோடா போடுறோம், அக்கா?"

"அம்மா குழி உள்வாங்கி தண்ணி நின்னுச்சுல்ல. அதப் பாத்துட்டு அப்பாதான் சொன்னாரு, என்னை நல்லா மிதிச்சுப் போடுங்கன்னு."

"உங்கிட்ட மட்டும் சொன்னாராக்கும்."

வேலாயுதம் எட்டிப் பார்த்தார். "பொணத்த வச்சுக்கிட்டு டெஸ்ட் பண்றியாம்மா? மிதிக்கிறதெல்லாம் நம்ம வழக்கத்துல இல்ல லா. நீ குழிக்கு வரப்போறதும் இல்ல. விடு."

பெட்டி கிளம்பியது. பெண்கள் தெருமுனையோடு திரும்பினார்கள். வாணி வீட்டைக் கழுவினாள். சந்திரகலா வாளியை வாங்கினாள், கீழே வைத்தாள், வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள்.

ஆண்கள் வந்து கால் கழுவினார்கள்.

"மிதிச்சாங்களா?"

"குமிச்சு, பூப் போட்டாச்சுக்கா. பாக்க நல்லாத்தான் இருக்கு," என்றான் பிரவின், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் கார் சாவியை எடுத்தாள்.

"இன்னும் குளிக்கலியே, எங்க அண்ணி போறீங்க?" என்றாள் வாணி.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இடுகாட்டுக் காவலாளி சங்கிலியோடு நின்றார்.

"பூட்டுற நேரம் தங்கச்சி. நாளைக்கு வாங்க."

"மழை வரும் அங்கிள்."

காரிலிருந்து மண்ணை இடித்து இறுக்கும் இரும்புத் திமிசை இறக்கினாள். மேலே மட்டும் இடித்தால் அடி மண் இறுகாது; மண்ணை அள்ளிவிட்டு, கொஞ்சங் கொஞ்சமாகப் போட்டு இடிக்க வேண்டும். மண்வெட்டியையும் எடுத்தாள்.

காவலாளி இரண்டையும் பார்த்தார். "யாரு, இன்னைக்கி வந்தவரா?"

"அப்பா."

"யாராச்சும் கேட்டா நான் ஒண்ணும் பாக்கல."

"பூட்டிட்டு சாப்பிடப் போங்க அங்கிள். முடிஞ்சதும் கூப்பிடறேன்."

செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனாள். அவர் இரும்புக் கதவைச் சாத்தி, சங்கிலியைச் சுற்றிப் பூட்டினார்.