வராத சிவப்பு வண்டி

"நாங்க பெரியவங்க பேசிட்டு இருக்கோம். நீங்க ரெண்டு பேரும் மொட்டைமாடிக்குப் போய் காத்து வாங்கிட்டு வாங்க" என்றாள் கல்யாணத் தரகர் நிஷிவாகி அம்மாள். ஒவ்வொரு பெண் பார்த்தலிலும் அவள் சொல்வதுதான். ஒசாகாவின் பெரிய கடைகளில் கீழே உணவகமும் மேலே மொட்டைமாடியும் இருப்பது இதற்காகவே என்று ஹிசானோவுக்குத் தோன்றும்.

திரும்பி வந்ததும் அவள் பதில் சொல்லியாக வேண்டும். இந்த மாப்பிள்ளையையும் மறுத்தால் இனி வரன் பார்ப்பதில்லை என்று நிஷிவாகி அம்மாள் காலையிலேயே சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளை கமாடாவுக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. சாப்பிடும்போது முழுக்கக் கார் பற்றியே பேசினான். கார் இன்னும் வாங்கவில்லை.

மாடியில் புதிதாக வந்திருந்த, காசு போட்டு ஆடும் கார் பந்தயப் பெட்டியின் முன்னால் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கமாடா அவர்களை முழங்கையால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தான்.

"இதெல்லாம் நான் தொட்டதே இல்ல. சும்மா பார்ப்போம். வண்டி கண்ணுல பட்டப்புறம் ஒதுங்கினா லேட்டு. உள்ளுணர்வு வேணும். பொம்பளைங்களுக்கு அது வராது. உங்களச் சொல்லல."

"சொல்லுங்க, பரவாயில்ல" என்றாள் ஹிசானோ.

பெட்டிக்குள் மோட்டார் உறுமியது. திரையில் சாலை ஓடியது. கமாடா வெகு ஒயிலாக ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தான். ஒதுங்குவதற்கு அங்கே வண்டியே இல்லை. ஒதுங்கிய இடத்தில்தான் ஒரு நீல வண்டி இருந்தது. டமார். அடுத்து வலப்பக்கம், வெறும் சாலைக்கு வழிவிட்டான். மறுபடி டமார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"மெஷின் கெட்டுப்போச்சு!" என்று கத்தினான். பணிப்பெண் ஓடி வந்தாள். "வளைவு தாண்டினா சிவப்பு வண்டி வரணும். அப்புறம் ரெண்டு மஞ்சள். எங்க போச்சு?"

"ஐயோ, மன்னிச்சுக்குங்க. திரையில தெரியற வண்டிங்கள வரைஞ்ச கண்ணாடித் தட்டு நேத்து விரிசல் விட்டுடுச்சு. இன்னிக்குப் புதுத் தட்டு போட்டிருக்கு. அது சுத்தும்போது வண்டிங்க வேற வரிசையில வரும். வாராவாரம் வர்ற உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்."

மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஹிசானோ மன்னித்திருப்பாள். தன்னை மகிழ்விக்க ஒருவன் அவ்வளவு பாடுபட்டானே என்று கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

"ஆள் மாறிப் பேசுது இந்தம்மா" என்றான் கமாடா, பணிப்பெண் குனிந்து நிற்கையிலேயே. "வேலைக்கு லாயக்கில்லாததையெல்லாம் வச்சிருக்காங்க." பிறகு குரலைத் தாழ்த்தினான். "கீழ போய் எதுவும் சொல்லாதீங்க. இருங்க, இன்னொரு ரவுண்டு. இந்த வரிசையையும் பிடிச்சுடறேன்."

இரக்கம் அங்கேயே செத்தது. அவனை ஆட்டத்திலேயே விட்டுவிட்டு அவள் கீழே வந்து தன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா தனியா வர்ற? அவர் எங்க?" என்று கேட்டாள் நிஷிவாகி அம்மாள்.

"மேல பாடம் படிச்சிட்டு இருக்கார்."

"படிக்கிறாரா?"

"ஆமா. எனக்கு இந்த வரன் வேணாம். இனி எந்த வரனும் நீங்க பார்க்க வேணாம்."

அம்மா மேசைக்கு அடியில் அவள் தொடையைக் கிள்ளினாள். ஹிசானோ காலை நகர்த்திக்கொண்டாள்.